ஆறுகிற சூட்டில் ஒரு வியாபாரம்

மாணிக்கவேல் தன் மனைவியிடம் ‘முடியாது’ என்று சொல்லிவிடுவதாகத் தீர்மானம் செய்தார். கல்யாணம் ஆன நாள் முதல் பலமுறை செய்த தீர்மானம்தான். இந்த முறை அதில் ஒரு சின்னத் திருத்தம் இருந்தது. அதைத் தன் வாயால் சொல்லப்போவதில்லை. இன்டர்நெட்டை விட்டுச் சொல்ல வைக்கப்போகிறார்.

எதற்கு ‘முடியாது’ என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் அவருக்கு ஒரு சின்னக் கம்பெனி. பியூஸ் கட்டை செய்கிறார். கரண்டு போனால் எல்லோரும் திட்டிக்கொண்டே பிடுங்கிப் பார்ப்பார்களே, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டை. கம்பெனிச் சுவரை ஒட்டியே வீடு. நடுவே ஒரு கொட்டகை காலியாகக் கிடந்தது. காலியாகக் கிடக்கிற எதையும் அவர் மனைவி நீலாவதிக்குப் பிடிக்காது. அச்சுகள் வாங்கிப்போட்டு, இரண்டு பெண்களை வேலைக்கு வைத்து, கொலு பொம்மை செய்ய ஆரம்பித்தாள். சாயங்காலமானால் செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, பொம்மையை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி லைவில் விற்றாள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் யார் யாரோ, ‘அக்கா, அந்த வளைகாப்பு செட்டைத் திருப்பிக் காட்டுங்க’ என்று எழுதுவார்கள். அவளும் திருப்பிக் காட்டுவாள். தன் பெயரில் ஒரு தொழில் வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை.

பொம்மை செய்தால் போதாது, சுட வேண்டும். மாணிக்கவேலிடம் சொந்தச் சூளை கிடையாது. பேட்டையின் கடைசியில் கோவிந்தசாமி ஒரு வாடகைச் சூளை வைத்திருந்தார். தண்டவாளத்தில் ஓடும் ஒரு இரும்பு வண்டி, அதில் சாமானை அடுக்கடுக்காக ஏற்றி அப்படியே சூளைக்குள் தள்ளிவிடுவார்கள். எத்தனை வண்டி சுட்டோமோ அத்தனை வண்டிக்குக் காசு. மாணிக்கவேல் எடுக்கிற வண்டியில் மேல் இரண்டு அடுக்கு நவராத்திரி வரைக்கும் நீலாவதிக்கு என்று தை மாதமே வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்தார் என்று சொல்வதுகூடத் தப்பு. அவள் கேட்டாள், இவர் வாயிலிருந்து ‘சரி’ வந்துவிட்டது. அவர் வாயிலிருந்து தங்குதடையில்லாமல் வருகிற சொல் அது ஒன்றுதான்.

ஆடி பிறந்ததும் கோயம்புத்தூர் சுவிட்ச் கம்பெனி ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. மாணிக்கவேல் ஆயுசு முழுக்கக் காத்திருந்த ஆர்டர். புரட்டாசியிலிருந்து தீபாவளி வரைக்கும் வண்டி முழுக்கப் பியூஸ் கட்டை ஏற்றினால்தான் கட்டுப்படியாகும். மேல் இரண்டு அடுக்கு இல்லாமல் அந்த ஆர்டரை முடிக்க இவரால் முடியாது. அந்த அடுக்கு இல்லாவிட்டால் நீலாவதிக்கு இந்த வருஷம் பொம்மையே கிடையாது. கொடுத்த வாக்கை வாபஸ் வாங்குவதற்காக, காலையில் ஷேவ் செய்யும்போது கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தார். கண்ணாடியில் இருந்த ஆளே சம்மதிக்கவில்லை.

அவளாகவே வந்து, ‘வேணாங்க, பொம்மை ஓடல, அடுக்கை நீங்களே எடுத்துக்குங்க’ என்று சொல்லிவிட்டால் எப்படி இருக்கும்? அந்த நினைப்பே அவருக்கு வெயிலில் மோர் குடித்தமாதிரி இருந்தது.

அதற்கு ஏற்றாற்போல் வந்து சேர்ந்தது புது நெட் லைன். கோயம்புத்தூர் கம்பெனியில் சாமான் வாங்கும் அதிகாரி ராஜ்மோகன். அச்சிலிருந்து பேக்கிங் வரைக்கும் அவ்வப்போது வீடியோவில் பார்ப்போம், படம் நின்று நின்று வந்தால் ஆர்டர் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பழைய லைன் மழைத்தூறல் பட்டாலே படுத்துவிடும். ஆகவே நெட் கம்பெனியிலிருந்து துர்கா என்ற பெண் வந்து, தொழில் செய்கிறவர்களுக்கென்று வந்திருக்கிற புது ஏற்பாட்டை விளக்கினார். மாதம் முழுக்க ஒரே வேகம் என்று வாங்கி, பாதி நாள் சும்மா விட்டுவைக்க வேண்டாம். சாதாரண நாளில் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். வேண்டிய நாளில், வேண்டிய மணிக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றின நேரத்துக்கு மட்டும் கூடுதல் காசு. எல்லாம் செல்போனிலேயே செய்யலாம். வீட்டுக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரே லைன்.

“கோவிந்தசாமி சூளை மாதிரிதானே? சுடுற வண்டிக்குத்தான் காசு” என்றாள் நீலாவதி.

இவ்வளவு சீக்கிரம் இதை யாரும் புரிந்துகொண்டதில்லை என்று துர்கா பாராட்டினார். மாணிக்கவேலுக்கு அந்தப் பாராட்டு தனக்கு வந்திருக்க வேண்டியது என்று தோன்றியது. அதற்குள் வாசலில் மண் லாரி ஹாரன் அடிக்க, இறக்குகிற இடத்தைக் காட்ட ஓடினார். திரும்பி வந்தபோது துர்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஏற்றினால் இறக்கினால் கெடுதல் ஒன்றும் ஆகாதே என்று இவர் கேட்டார். ஆகாது சார் என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார். ‘முறையாகச் செய்தால் ஆகாது’ என்று மாணிக்கவேல் எடுத்துக்கொண்டார்.

அவர் சூளையில் வேலை பார்த்துத் தொழிலுக்கு வந்த மனிதர். சூட்டைச் சட்டென்று ஏற்றினால் பச்சைச் சாமானுக்குள் இருக்கிற ஈரம் கொதித்து வெடிக்கும். சட்டென்று இறக்கினால் டங் என்று விரிசல் விடும். ஏற்றமும் இறக்கமும் நிதானமாகப் போக வேண்டும். உலகத்தில் ஏறி இறங்குகிற எல்லாவற்றுக்கும் இதுதான் சட்டம் என்பது அவர் முடிவு. பஸ்ஸில் ஏறுவதையே அவர் அப்படித்தான் செய்வார்.

நெட்டை மட்டும் விட்டுவிடுவாரா? பதினொரு மணிக்கு ராஜ்மோகனோடு பேச வேண்டும் என்றால் காலை காபி குடிக்கும்போதே ஏற்ற ஆரம்பிப்பார். முதலில் ஒரு படி. குளித்துவிட்டு வந்து இன்னொரு படி. இட்லி சாப்பிட்டுக் கை கழுவியதும் இன்னொன்று. பேசி முடித்த பிறகும் அப்படியே இறக்கமாட்டார். லைன் சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்று ஒவ்வொரு படியாகச் சாயங்காலம் வரைக்கும் இறக்குவார். நடுவில் மோடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துத் தலையாட்டுவதும் உண்டு.

இப்போது திட்டத்துக்கு வருவோம். நீலாவதியின் லைவ் சாயங்காலம் ஆரம்பிக்கும். அதற்குள் வேகத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டியது. அவ்வளவுதான். திட்டுவதற்கு ஆளில்லை, சண்டைக்கு இடமில்லை. நெட் சரியில்லை என்றால் யார் என்ன செய்ய முடியும்?

முதல் நாளே திட்டம் அமோகமாகப் பலித்தது. நீலாவதி செட்டியார் பொம்மையைத் தூக்கிப்பிடித்து, “இது பாருங்க” என்று வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே படம் நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், செட்டியார் வேண்டாம், பின்னால் நிற்கிற அந்தப் பெரிய பொம்மை என்ன விலை என்று கேட்டு எழுதியிருந்தார். நீலாவதி அதைப் படித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

“என்னங்க, நெட்டு நிக்குது.”

“எனக்கு நல்லா ஓடுதே.”

“நீங்க என்ன பாக்குறீங்க?”

“பேப்பர் படிக்கிறேன்.”

“பேப்பர்ல நெட்டு எப்படிங்க ஓடும்?”

மாணிக்கவேல் பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மழைக்காலம் வருது, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குதாம் என்று பேப்பருக்குள்ளிருந்தே சொன்னார். வெளியே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நீலாவதி வானத்தைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள், உள்ளே போனாள்.

அடுத்தடுத்த நாளும் அதே கதை. பிறகு ஒரு நாள் அவள் செல்போன் ஸ்டாண்டை மடக்கி அலமாரி மேல் வைத்துவிட்டாள். சாயங்கால லைவ் நின்றுபோனது. கொட்டகையில் மட்டும் பொம்மை செய்வது நிற்கவில்லை. கிருஷ்ணனும் செட்டியாரும் வளைகாப்புப் பெண்ணும் சுடாத பச்சைப் பொம்மையாக வரிசை வரிசையாக நின்றார்கள். விற்காத பொம்மையை இப்படிச் செய்து குவிக்கிறாளே என்று மாணிக்கவேலுக்கு நிஜமாகவே மனசு சங்கடப்பட்டது. சங்கடத்தைப் போக்கிக்கொள்ள கடைவீதியில் இறங்கி மல்லிகைப்பூவும் வெங்காயப் பக்கோடாவும் வாங்கிப்போனார். நீலாவதி பூவை வைத்துக்கொண்டாள், பக்கோடாவைப் பங்கு போட்டாள், எதற்கு என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவர் உளறியிருப்பார்.

கோயம்புத்தூர் விஷயம் அவளுக்குத் தெரியும். முழு வண்டி விஷயம் மட்டும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ராஜ்மோகனோடு பேசுகிற நாட்களில் அவள் காட்டிய அக்கறையைப் பார்த்து அவரே நெகிழ்ந்துபோனார். இன்றைக்குப் பேசுகிறீர்களா, அச்சு அறையையும் காட்டினீர்களா, பேக்கிங்கை நாளைக்குத் தனியாக ஒருமுறை காட்டினால் நன்றாக இருக்குமே என்று அவளே எடுத்துக்கொடுத்தாள். இவரும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். இப்படி ஒரு சப்ளையரைப் பார்த்ததே இல்லை என்று ராஜ்மோகன் சொன்னார். அது பாராட்டா சலிப்பா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

பேசி முடித்த அன்றெல்லாம் வீட்டில் சாப்பாடு அமர்க்களப்படும். கருவாட்டுக் குழம்பு, மொச்சை, கூட ஒரு அப்பளம். சாப்பிட்டுவிட்டு நெட்டை ஒரு படி இறக்கிவிட்டுப் படுத்தால் கண் தன்னாலே மூடிக்கொள்ளும். நாலு மணிக்கு எழுந்து மிச்சத்தை இறக்குவார். ஜெயித்தவனுடைய தூக்கம் என்பது தனி ருசி என்று அவருக்கு அந்த நாட்களில் தெரிந்தது.

மேல் அடுக்கு விஷயம் முடிவாகட்டும் என்று சூளையில் வண்டி சொல்லிவைப்பதை அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இனி அவளாகச் சொல்கிறவரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, லைவே நின்றுபோன பிறகு அடுக்கு எதற்கு என்று ஆவணிக் கடைசியில் ஒருநாள் தைரியம் வந்தது. நேராகக் கோவிந்தசாமியின் சூளைக்குப் போனார். கோவிந்தசாமி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“தீபாவளி வரைக்கும் எனக்கு வண்டி வேணும். முழு வண்டியா” என்றார் மாணிக்கவேல்.

“நவராத்திரி வரைக்கும் வண்டி எல்லாம் போயிட்டுதுங்களே.”

“யாருக்குப் போச்சு?”

“உங்க வூட்டுக்குத்தான்.”

“நான் இன்னும் சொல்லவே இல்லையே.”

“நீங்க எதுக்குச் சொல்லணும்? அம்மா வந்தாங்க, முன்பணம் குடுத்தாங்க, போனாங்க. பொம்மைக்காம். இடம் பத்தலை, இன்னொரு வண்டி கெடைக்குமான்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க.” கோவிந்தசாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார். “உங்களுக்குத் தெரியாதுங்களா?”

தெரியும், சும்மா கேட்டேன் என்று மாணிக்கவேல் சொன்னார். சொல்லிவிட்டு, வந்த ஸ்கூட்டரை அங்கேயே மறந்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

நீலாவதி கொட்டகையில் ஒரு யசோதைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள். இவர் முகத்தைப் பார்த்ததும் தூரிகையைக் கழுவி வைத்தாள். பொம்மையெல்லாம் விற்றுவிட்டதா என்று இவர் கேட்டார். எப்போதோ விற்றுவிட்டது, எல்லாரும் முன்பணமே அனுப்பிவிட்டார்கள், சுட்டு அனுப்புவதுதான் பாக்கி என்றாள்.

“எந்த நெட்டுல வித்த? சாயங்காலம் ஆனா நெட்டே இல்லையே” என்று கேட்டார். கேட்ட பிறகுதான், ‘உங்களுக்கு நல்லா ஓடுதுன்னீங்களே’ என்று அவள் திருப்பிக் கேட்கலாமே என்று பயம் வந்தது. அவள் கேட்கவில்லை. அதுவே இன்னும் மோசமாக இருந்தது.

“சாயங்காலம் யாரு வித்தா?” என்றாள். “நீங்க கோயம்புத்தூர்க்காரர்கிட்ட பேசி முடிச்சிட்டு, ஆறட்டும்னு விட்டுட்டுப் படுப்பீங்களே, அப்பத்தான் லைவு. படம் கண்ணாடி மாதிரி இருந்துது. சூளை ஆறுற சூட்டுல பச்சை சாமானைக் காய வைக்கிறது பேட்டையில எல்லாரும் பண்றதுதானே. அவ்வளவு சூட்டை வீணாக்கலாமா?”

மாணிக்கவேலே பலமுறை சொன்ன நியாயம்தான் அது. சூளை மேல் சட்டி சட்டியாகக் காய வைத்த மனிதர் அவர். தான் பேசப்போகிற நாள் அவளுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டார்.

“பெண்ணாடத்திலேர்ந்து எங்கக்கா தெனம் காலையில வீடியோவுல வருவா இல்ல? சும்மா நாள்ல அவ மூக்கு மட்டுந்தான் தெரியும். நீங்க ஏத்துற அன்னைக்கு எட்டு மணிக்கு மூஞ்சி தெரியும். பத்து மணிக்குக் காதுல கெடக்கிற கம்மல் புதுசா பழசான்னு தெரியும். கம்மல் தெரிஞ்சா, நான் மொச்சைய ஊறப்போட்டுருவேன்.”

தன்னைத் தூங்க வைத்தது மொச்சை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசி முயற்சியாகத் துர்காவுக்குப் போன் போட்டார். இறக்கின பிறகும் லைன் ஓடுகிறது, உங்கள் லைனில் ஏதோ கோளாறு என்று ஆரம்பித்தார். துர்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோளாறு ஒன்றும் இல்லை சார், நீங்கள் நாள் முழுக்க மேலேதான் வைத்திருக்கிறீர்கள், காசும் அப்படித்தான் ஏறுகிறது என்றார்.

“சட்டுனு இறக்கினா லைனுக்கு ஏதாவது ஆயிடாதா, மேடம்?”

“என்ன சார் ஆகும்? ஒரு தட்டு தட்டினா உடனே ஏறும், ஒரு தட்டு தட்டினா உடனே இறங்கும். அன்னைக்கே சொன்னேனே. நீங்க மண் லாரி பாக்கப் போயிட்டீங்க. அம்மாதான், அவருக்கு நான் சொல்லிக்கிறேன்னாங்க.”

மாணிக்கவேல் போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். “சொல்லியிருக்கலாமே, நீலா.”

“எங்கிட்ட கேட்டீங்களா?” என்றாள் அவள். பிறகு, “அடுக்கு வேணும்னும் எங்கிட்டதான் கேட்டிருக்கலாம்” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கேலி இல்லை. வருத்தம்தான் இருந்தது.

அன்றைக்கு அவர் வெட்கப்பட்டார். நிஜமாகவே வெட்கப்பட்டார். ஆனால் வெட்கத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப முடியாது, அங்கே பியூஸ் கட்டை கேட்கிறார்கள். சுற்றி வளைத்து, ராஜ்மோகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், நவராத்திரிக்கு முன்னால் கொஞ்சமாவது அனுப்பாவிட்டால் ஆர்டர் போய்விடும் என்று சொல்லி முடித்தார். வண்டியில் ஒரு ஓரமாக இடம் கிடைக்குமா என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க நீலாவதிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடுக்கு கொடுப்பது வேறு விஷயம். கொட்டகையில் நிற்கிற பொம்மைகளை ஒருமுறை கண்ணால் எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

“கீழ் அடுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. கொலு வச்சதும் வண்டி முழுக்க உங்களுது.”

“சரி” என்றார் மாணிக்கவேல். அந்தச் சொல் வழக்கம்போலத் தங்குதடையில்லாமல் வந்தது.

புரட்டாசி பிறந்து முதல் வண்டி ஏற்றிய அன்று ராஜ்மோகன் சாமானைச் சூளையிலேயே வீடியோவில் பார்க்க வேண்டும் என்றார். சூளை நாலு கட்டடம் தள்ளி இருந்தாலும் கம்பெனி லைன் அங்கே எட்டும்படி நீலாவதி துர்காவிடம் சொல்லி ஏற்பாடு செய்திருந்தாள். இந்த முறை மாணிக்கவேல் காலையிலிருந்து ஏற்றவில்லை. பேச வேண்டிய நேரத்துக்கு ஒரே தட்டு. ஏறிவிட்டது. ஒன்றும் வெடிக்கவில்லை. இத்தனை நாள் காபியும் கையுமாக ஏற்றியதை நினைத்து அவருக்கு ஒரு ஏமாற்றம்கூட வந்தது.

செல்போனைக் கீழ் அடுக்குக்குக் காட்டி, குனிந்த வாக்கிலேயே ஒவ்வொரு கட்டையாக விளக்கினார். தரம் நன்றாக இருக்கிறது, முதல் லாட்டு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, நவராத்திரிக்கு அப்புறம் மிச்சத்தை அனுப்புங்கள் என்று ராஜ்மோகன் ஒத்துக்கொண்டார். மாணிக்கவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிமிர்ந்தார். நிமிர்ந்ததில் போனும் நிமிர்ந்துவிட்டது.

“மேல அத்தனை அடுக்குலயும் இருக்கிறது என்னங்க?” என்று ராஜ்மோகன் கேட்டார்.

“அது எங்க முதலாளியோடதுங்க” என்றார் மாணிக்கவேல்.

பேச்சு முடிந்தது. இனி ஒரு நிமிஷம்கூட வீணாகக் காசு போகக் கூடாது என்று வேகத்தைக் குறைக்க விரலை நீட்டினார். பக்கத்தில் கோவிந்தசாமியின் ஸ்டூல் மேல் செல்போன் ஸ்டாண்டை விரித்துக்கொண்டிருந்த நீலாவதி, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“மெதுவா இறக்குங்க. சட்டுனு இறக்கினா விரிசல் விட்டுடும்.”